இறப்புக்கும் மறுமைக்கும் இடையே: இடைக்கால நம்பிக்கைகளும் இருப்போர் கடமைகளும்

1. பொருளும் எல்லையும்

மறுமை பற்றிய நம்பிக்கைகளை ஒப்பிட்டு ஆராயும் நூல்கள் பெரும்பாலும் முடிவிடங்களை வைத்தே சமயங்களைப் பகுக்கின்றன. சுவர்க்க நரகம் கூறுவன, மறுபிறப்புக் கூறுவன, வீடுபேறு கூறுவன, முன்னோர் உலகம் கூறுவன என்பது அப்பகுப்பு. அதனால் பயன் உண்டு. ஆயினும் ஒரு வீட்டில் சாவு விழுந்தபின் நடப்பவற்றைக் கூர்ந்து நோக்கினால், வீட்டாரின் உணவையும் உடையையும் செலவையும் கட்டுப்படுத்துவது முடிவிடம் பற்றிய கொள்கையாக இருப்பது அரிது என்பதும், உடல் அகற்றப்பட்ட பிறகும் இறந்தவர் முற்றும் நீங்கிவிடவில்லை, சேர வேண்டிய இடத்தைச் சேர்ந்துவிடவும் இல்லை என்று எண்ணப்படும் ஒரு கால அளவே அவற்றை ஆள்கிறது என்பதும் விளங்கும். பார்சியரிடம் மூன்று இரவாகவும், திபெத்தியரிடம் 49 நாளாகவும், யூதரிடம் 11 மாதமாகவும், கிரேக்க நாட்டுப்புறத்தில் ஐந்து ஆண்டாகவும் அமையும் இக்கால அளவை இவ்வுரை ‘இடைக்காலம்’ என்று குறிக்கிறது.

இவ்வுரை நிறுவ முயல்வது ஒரே கருத்தை: இடைக்காலத்தின் நீளத்தையும் அதற்குரிய கடமைகளையும் வகுப்பதில் மறுமைக் கோட்பாட்டுக்கு உள்ள பங்கைவிட, இறந்தவர் இருப்போரிடையே வகித்த இடத்துக்கும் அவ்விடத்தை மற்றவர்களிடம் ஒப்படைக்கும் வேலைக்கும் உள்ள பங்கு பெரிது. கோட்பாடு இடைக்காலத்தை மறுக்கும் இடங்களிலும் சடங்கு அதனைக் காத்து நிற்பதும், ஒப்படைக்க ஏதுமில்லாத சமூகங்களில் அது தேய்ந்துபோவதும் இதற்குச் சான்றுகள்.

2. ஙாஜு மக்களின் திவா விழா

இடைக்காலத்தைத் தனி ஆய்வுப் பொருளாக்கியவர் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ராபேர் எர்ட்ஸ் (1881–1915). எமில் துர்கைமின் மாணவரான அவர், இறப்பைப் பற்றிய கூட்டு எண்ணங்களை ஆராயும் நீண்ட கட்டுரையைத் துர்கைமின் ஆண்டிதழில் 1907-இல் வெளியிட்டார். அக்கட்டுரையின் மையமான போர்னியோ தீவுக்கு அவர் சென்றதே இல்லை. டச்சு ஆட்சிக் காலத்தில் அங்கு வாழ்ந்த மறைப்பணியாளர்களும் பயணிகளும் எழுதிவைத்த குறிப்புகளை நூலகங்களில் அமர்ந்து ஒப்பிட்டே அவர் தம் முடிவுக்கு வந்தார்.

தென் போர்னியோவின் ஆற்றங்கரைகளில் வாழும் ஙாஜு டயாக் மக்களிடம் சாவு இரண்டு கட்டமாக நிகழ்கிறது. முதற்கட்டத்தில் உடல் மரப்பெட்டியில் இட்டு இறுக மூடப்படுகிறது. பெட்டியின் அடியில் பொருத்திய மூங்கிற் குழாய் வழியே அழுகல் நீர் ஒரு சாடியில் வடிந்து சேரும். இந்நிலையில் உயிரும் அமைதியற்றது. அது ஊர் எல்லையில் அலைந்து தன் பழைய வீட்டை ஏக்கத்தோடும் பொறாமையோடும் சுற்றிவரும் என்பது நம்பிக்கை. கணவனையோ மனைவியையோ இழந்தவர் அக்காலம் முழுதும் உணவிலும் உடையிலும் பேச்சிலும் விலக்குகளுக்கு உட்பட்டு ஒதுங்கி வாழ்கிறார். எர்ட்ஸ் தந்த கணக்கின்படி இது சராசரியாக இரண்டு ஆண்டு. விழாவுக்கான பொருள் சேராவிட்டால் அதனினும் நீளும்.

இரண்டாம் கட்டமே திவா எனப்படும் பெருவிழா. சதை நீங்கிய எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து, செதுக்கிய தூண்கள்மேல் நிற்கும் சண்டுங் என்னும் சிறு மரவீட்டில், முன்னோர் எலும்புகளோடு சேர்த்து வைக்கின்றனர். அதே வேளையில் பூசாரிகள் உயிரின் பயணத்தை இரவுபகலாக ஓதுகின்றனர். தெம்பொன் தெலொன் என்னும் தெய்வத் தோணிக்காரன் உயிரை ஏற்றிக்கொண்டு ஆவிகளின் ஊருக்குச் செல்கிறான். விழா முடிந்ததும் துணையை இழந்தவருக்கு விலக்குகள் நீங்குகின்றன; அவர் மறுமணம் செய்துகொள்ளலாம்.

உடல், உயிர், துக்கம் காப்போர் ஆகிய மூன்றின் நிலையும் ஒன்றையொன்று ஒத்து நகர்வதே எர்ட்ஸ் கண்ட அமைப்பு. உடல் அழுகும்வரை உயிர் அலைகிறது. உயிர் அலையும்வரை உறவினர் ஒதுங்கியிருக்கின்றனர். எலும்பு வெண்மையுற்று உலரும்போது உயிர் ஊர் சேர்கிறது, உறவினரும் ஊருக்குள் திரும்புகின்றனர். சமூகம் தன்னை நிலையானது என்று நம்பியே இயங்குவதால், தன் உறுப்பினர் ஒருவரின் இழப்பை உடனே ஏற்க அதனால் இயலாது என்றும், அவ்வேற்புக்குத் தேவைப்படும் காலமே உயிரின் பயணக் காலமாகச் சொல்லப்படுகிறது என்றும் அவர் விளக்கினார். குழந்தைகளின் சாவுக்கு இச்சமூகங்களில் சடங்கு குறைவாக இருப்பதையும் அவர் சுட்டினார். சமூகத்தில் இன்னும் இடம் பெறாதவரை அதிலிருந்து விடுவிக்கும் வேலையும் சிறியது என்பது அதன் காரணம்.

எர்ட்ஸ் 1915 ஏப்ரலில் முதல் உலகப் போரின் களத்தில் மாண்டார். ஙாஜு மக்களின் சமயமாகிய காஹரிங்கான், 1980-இல் இந்தோனேசிய அரசால் இந்து சமயத்தின் ஒரு கிளையாக ஏற்கப்பட்டது. திவா விழா இன்றும் நடைபெறுகிறது.

3. எலும்பு பெறும் தகுதி

உடலை ஒருமுறை அடக்கம் செய்து, காலம் கழித்து எலும்பை எடுத்து வேறிடத்தில் சேர்க்கும் முறையை மானிடவியலாளர் இரண்டாம் அடக்கம் என்பர். இது போர்னியோவுக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் எர்ட்சின் கட்டுரை ஒரு வட்டார ஆய்வாகவே நின்றிருக்கும். தொலைவிலும் காலத்திலும் தொடர்பற்ற பல சமூகங்களில் இம்முறை காணப்படுகிறது.

கிரேக்க நாட்டின் தெசாலிப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் லோரிங் டான்ஃபோர்த் செய்த ஆய்வு 1982-இல் நூலாக வந்தது. அங்கே இறந்தவரின் கல்லறைக்கு வீட்டுப் பெண்கள் விளக்கேற்றவும் ஒப்பாரி பாடவும் தவறாது சென்றுவருவர். ஐந்தாம் ஆண்டளவில் கல்லறையைத் தோண்டுவர். மண்ணை மெல்ல விலக்கிவரும் பெண், மண்டையோடு தென்பட்டதும் அதனைக் கையிலெடுத்து முத்தமிட்டு வெள்ளைத் துணியில் சுற்றுவாள். எலும்புகள் திராட்சை மதுவால் கழுவப்பட்டுத் தகரப் பெட்டியில் இடப்பட்டு, ஊரின் எலும்பறையில் மற்றவர்களின் பெட்டிகளோடு அடுக்கப்படும். எலும்பு வெளுத்திருந்தால் பாவம் மன்னிக்கப்பட்டது என்று பொருள். கறுத்திருந்தாலோ சதை ஒட்டியிருந்தாலோ கவலைக்குரியது. கல்லறையைப் பார்க்கச் செல்லும் கடமை அன்றோடு முடிகிறது. பாவத்தைச் சுட்டெரிக்கும் இடைநிலை உலகம் ஒன்று உண்டு என்ற கத்தோலிக்கக் கொள்கையைக் கிரேக்க மரபுவழித் திருச்சபை ஏற்பதில்லை என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. கொள்கையில் இடமில்லாத இடைநிலையை எலும்பின் நிறம் காட்டிக்கொண்டிருக்கிறது.

எருசலேமைச் சுற்றியுள்ள குகைக் கல்லறைகளில், கி.மு. முதல் நூற்றாண்டு முதல் கி.பி. 70 வரையிலான காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல் எலும்புப் பெட்டிகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. குகையில் கிடத்திய உடல் ஏறத்தாழ ஓராண்டில் எலும்பானதும் மகன் அதனைத் திரட்டிப் பெட்டியில் இடுவான். பெட்டியின் நீளம் தொடையெலும்பின் நீளத்துக்கு ஏற்ப அமைந்தது. தீயோர் பெறும் தண்டனையும் 12 மாதமே என்பது யூத மறைநூல் மரபு. எலும்புப் பெட்டி வழக்கு மறைந்த பின்னும் காலக்கணக்கு மறையவில்லை. பெற்றோருக்காகக் கதீஷ் என்னும் துதியை ஓதும் மகன் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறான். முழு 12 மாதமும் ஓதினால் தன் தந்தை தீயோர் பட்டியலில் இருந்தார் என்று தானே சொல்வது போலாகும்.

தமிழகத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இவ்வரிசையில் சேர்கிறது. 1876-இல் ஜாகர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் ரீயும், 2004-இல் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கு அகழ்ந்தபோது வெளிப்பட்ட முதுமக்கள் தாழிகள் சிலவற்றில் முழு உடலும், சிலவற்றில் பின்னர்த் திரட்டி இட்ட எலும்புகளும் இருந்தன. மணிமேகலை, எரித்தல், வெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியால் கவித்தல் என்னும் ஐந்து முறைகளையும் ஒரே ஊர்ச் சுடுகாட்டில் அடுத்தடுத்துக் காட்டுவதால், ஒரு சமூகம் ஒரே முறையைத்தான் பின்பற்றியிருக்கும் என்று கருத இடமில்லை. தொல்பொருளிலிருந்து நம்பிக்கையை ஊகிப்பதில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் எலும்பைத் திரட்டித் தாழியில் இட்டவர்கள் முதற்சாவுக்கும் இறுதி அடக்கத்துக்கும் இடையே காத்திருந்தனர் என்பது ஊகமன்று.

4. காத்திருப்பின் தொழில்நுட்பம்

அழுகலுக்குக் காத்திராமல் அதனைத் தடுத்த பண்பாடும் இடைக்காலத்தைத் தவிர்க்கவில்லை. பண்டைய எகிப்தில் சாவுக்கும் அடக்கத்துக்கும் இடையே 70 நாள் என்பது நெறி. உள்ளுறுப்புகளை அகற்றி, நாட்ரான் என்னும் இயற்கை உப்பில் உடலை ஏறத்தாழ 40 நாள் கிடத்தி உலர்த்திய பின், எஞ்சிய நாட்களில் எண்ணெயும் பிசினும் பூசித் துணி சுற்றினர். சீரியசு விண்மீன் ஆண்டுதோறும் வானில் தென்படாமலிருந்து மீண்டும் தோன்றும் காலமும் ஏறத்தாழ 70 நாளே. நெஞ்சை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தனர். தீர்ப்பு மன்றத்தில் நிறுக்கப்பட வேண்டிய பொருள் அதுவே.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 1888-இல் வாங்கப்பட்ட, ஆனி என்னும் எகிப்தியரின் பாப்பிரசுச் சுருளில் இந்நிறுவைக் காட்சி தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளது. ஒரு தட்டில் நெஞ்சும் மறுதட்டில் மாஅத் என்னும் ஒழுங்குத் தெய்வத்தின் இறகும் இருக்க, நரித்தலை அனுபிசு முள்ளைச் சரிபார்க்கிறார். தோத் தெய்வம் எழுதுகோலோடு நிற்கிறது. முதலைத்தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித், தோற்ற நெஞ்சை விழுங்கக் காத்திருக்கிறது. அற நடுவுநிலையின் இப்படத்தை ஒட்டியே மற்றொன்றும் நிகழ்ந்தது. நெஞ்சு தன் உடையவருக்கு எதிராகச் சான்று கூறாதிருக்க வேண்டும் என்னும் மந்திரம் பொறித்த வண்டுருவக் கல் மார்பில் வைக்கப்பட்டது. தீர்ப்பு உண்டு என்று நம்பியவர்களே அத்தீர்ப்பு நல்லபடியாக முடிய வேண்டிய ஏற்பாட்டையும் செய்தனர். அதைச் செய்ய வேண்டியவர்கள் உறவினரே.

பார்சியரின் நம்பிக்கையில் உயிர் மூன்று இரவு உடலருகே தங்கி, நான்காம் நாள் விடியலில் சின்வத் பாலத்தை அடைகிறது. நல்லவர்க்கு அகன்றும் தீயவர்க்குக் கத்தி முனைபோல் ஒடுங்கியும் அமையும் அப்பாலத்தில், அவரவர் வினையே உருவெடுத்து எதிர்வருகிறது. மூன்றாம் நாள் பிற்பகலில் நடைபெறும் உத்தம்னா என்னும் சடங்கில் வழிபாட்டோடு இரண்டு அறிவிப்புகள் இடம்பெறுவது வழக்கம்: இறந்தவர் பெயரால் அளிக்கப்படும் அறக்கொடைகள், ஆண்மக்கள் இன்றி இறந்தவராயின் அவர்க்குரிய கடன்களைச் செய்யவேண்டிய தத்துப் பிள்ளையின் பெயர். உயிர் பாலத்தை அடையுமுன் உலகில் அதன் இடம் நிரப்பப்பட்டுவிடுகிறது.

பார்சியரின் அண்மைக்கால வரலாறு மேலும் தெளிவூட்டுகிறது. மண்ணையும் நெருப்பையும் மாசுபடுத்தலாகாது என்பதால் உடலைக் கழுகுகளுக்கு இடுவது மரபு. கால்நடைகளுக்குத் தந்த டைக்ளோஃபினாக் மருந்து எச்சமாகக் கழுகுகளுக்குள் சென்று சிறுநீரகத்தைச் சிதைத்ததால், இந்தியாவின் முக்கியக் கழுகினங்கள் சில பத்தாண்டுகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து 2006-இல் தடைசெய்யப்பட்டது. உடல்கள் இடப்படும் மும்பை மலபார் குன்றின் அமைதிக் கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகள் வைக்கப்பட்டன. சிலர் தகனத்தை நாடினர். தகனம் செய்தவர்களுக்கும் நான்கு நாள் வழிபாடு நடத்த வேண்டும் என்ற வேண்டுகையால் 2015-இல் வொர்லி தகன மேடையருகே வழிபாட்டுக் கூடம் அமைந்தது. கழுகைக் கைவிட்டவர்களும் நான்கு நாள் கணக்கைக் கைவிடவில்லை.

5. பிரேதம் பிதிராகும் முறை

இந்து மரபில் இடைக்காலம் மிக விரிவாக வகுக்கப்பட்டுள்ளது. எரிந்த உடலை இழந்த உயிர் பிரேதம் எனப்படும். பசியும் தாகமும் உண்டு, உண்ண உடல் இல்லை என்பது அதன் நிலை. கருட புராணத்தின் பிரேத கண்டம் கூறுவதுபோல, பத்து நாளும் இடப்படும் பிண்டங்களால் அதற்குத் தலை முதலாக ஒவ்வோர் உறுப்பாகப் புதிய உடல் வளர்கிறது. ஒரு கரு பத்துத் திங்களில் அடையும் வளர்ச்சியைப் பத்து நாளில் மகன் பிண்டத்தால் உண்டாக்குகிறான். பெற்றவரை மகன் பெற்றெடுக்கும் காலம் இது என்றே சொல்லலாம்.

பன்னிரண்டாம் நாள் நடக்கும் சபிண்டீகரணம் இக்காலத்தின் உச்சம். இறந்தவருக்கென நீளமான ஒரு பிண்டமும், அவருடைய தந்தை, பாட்டன், பூட்டன் ஆகியோருக்கு மூன்று உருண்டைப் பிண்டங்களும் தருப்பைமேல் வைக்கப்படும். மகன் நீள்பிண்டத்தை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஓர் உருண்டையோடு பிசைந்து ஒன்றாக்குகிறான். பிசைந்தபின் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாது. அந்நொடியோடு பிரேதம் என்ற பெயர் நீங்கி அவர் பிதிர் ஆகிறார். இனி நேரடியாகப் பிண்டம் பெறுவோர் மூவரே என்பதால், பூட்டனாக இருந்தவர் அவ்வரிசையிலிருந்து மேலே நகர்கிறார். சாவு ஒருவருக்கு நேர்ந்தாலும், முன்னோர் வரிசை முழுவதும் ஒரு படி ஏறுகிறது.

இச்சடங்கு எவருக்கு இல்லை என்பதும் நோக்கத் தக்கது. துறவி துறவேற்கும்போதே தனக்குரிய இறுதிக்கடனைத் தானே முடித்துக்கொண்டவராகக் கருதப்படுவதால் அவருக்குப் பிரேத நிலையும் இல்லை, சபிண்டீகரணமும் இல்லை. அவர் உடல் எரிக்கப்படாமல் சமாதியில் இருத்தப்படுகிறது. சிறு குழந்தைகளும் எரிக்கப்படாமல் புதைக்கப்படுகின்றனர். அவர்களுக்குப் பத்து நாள் கடனில்லை. உறவையும் உடைமையையும் முன்பே துறந்தவர், அவற்றை இன்னும் அடையாதவர் ஆகிய இருவருக்கும் இடைக்காலம் இல்லை என்பது எர்ட்சின் விளக்கத்தோடு பொருந்துகிறது.

தமிழ்நாட்டின் பெரும்பாலான சமூகங்களில் பன்னிரண்டாம் நாளினும் பதினாறாம் நாள் கருமாதியே முதன்மையானது. இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி ஆற்றிலோ கடலிலோ கரைப்பதும், பதினாறாம் நாள் பந்தலில் தாய்மாமன் முறையினர் தலைமகனுக்கு உருமால் கட்டுவதும் வட்டாரத்துக்கேற்ப மாறிமாறி நிகழ்கின்றன. உருமால் கட்டப்பட்டவன் அக்குடும்பத்தின் பொறுப்பாளன் என்று ஊரறிய அறிவிக்கப்படுகிறான். இறந்தவரைக் கட்டம் கட்டமாக உயர்த்தும் எண்ணம் தமிழில் மிகப் பழையது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுப்பதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகப் பகுக்கிறது. வீரன் களத்தில் விழுந்த நாளும் வழிபாடு பெற்ற நாளும் வேறு. அவற்றின் இடையே ஊரார் செய்ய வேண்டிய வேலை உண்டு.

6. கோட்பாடு மறுத்த இடங்கள்

சடங்கு கோட்பாட்டின் செயல்வடிவமே என்பது பொதுவான எண்ணம். அது முழுதும் உண்மையாயின், இடைநிலையைக் கோட்பாடு மறுக்கும் இடத்தில் சடங்கும் மறைந்திருக்க வேண்டும். பௌத்தம் இதற்கு நல்ல உரைகல்.

சாவுக்கும் மறுபிறப்புக்கும் இடையே அந்தராபவம் என்னும் நிலை உண்டா என்பது தொல்பௌத்தப் பிரிவுகளிடையே பெரும் வாதமாக இருந்தது. சர்வாஸ்திவாதிகள் உண்டு என்றனர். அவ்வழி வந்த எண்ணமே திபெத்தில் பர்தோ என விரிந்தது. கர்ம லிங்பா 14-ஆம் நூற்றாண்டில் வெளிப்படுத்தியதாகக் கருதப்படும் பர்தோ தோடல், இறந்தவரின் செவியில் படும்படி 49 நாள் வரை ஓதத் தக்க வழிகாட்டி. தேரவாதிகளோ, ஒரு பிறவியின் இறுதி நினைவை அடுத்த பிறவியின் முதல் நினைவு இடைவெளியின்றித் தொடரும் என்று கூறி, கதாவத்து என்னும் நூலில் அந்தராபவத்தை மறுத்தனர். இக்கணக்கில் இறந்தவர் உடல் வீட்டைவிட்டுப் போகுமுன்பே வேறிடத்தில் பிறந்துவிட்டார். ஆயினும் தேரவாதம் நிலவும் இலங்கையில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் ஆண்டு நிறைவும் தவறாமல் பிக்குகளுக்குத் தானம் அளிக்கப்படுகிறது. இறுதிச் சடங்கில் வெள்ளைத் துணியைப் பிக்குகளுக்கு அளித்தபின், வீட்டார் ஒன்றுகூடிக் குடத்து நீரைக் கிண்ணம் நிறைந்து வழியும்வரை ஊற்ற, புண்ணியம் இறந்தவரைச் சேரட்டும் என்று பிக்குகள் ஓதுகின்றனர்.

இஸ்லாத்தில் இடைநிலை கோட்பாட்டிலேயே உண்டு. பர்ஸக் எனப்படும் அது இறப்பிலிருந்து இறுதி எழுச்சி வரை நீள்வது. ஆனால் இருப்போர் அதன் முடிவுவரை துக்கம் காப்பதில்லை. ஜனாஸா எனப்படும் இறந்தவர் உடல் விரைவில் அடக்கப்படுகிறது. பொதுத் துக்கம் மூன்று நாள். மனைவிக்கு மட்டும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் காத்திருப்பு. கருவுற்றிருக்கிறாளா என்பது தெளிவாகி வழித்தோன்றல் ஐயமற அறியப்பட வேண்டும் என்பது அதற்குச் சட்ட அறிஞர் கூறும் காரணங்களில் ஒன்று. உயிரின் காலமும் உறவினரின் காலமும் இங்கு ஒத்து நகரவில்லை. எர்ட்சின் வாய்பாடு எங்கும் பொருந்தாது என்பதற்கும், உறவினரின் காலத்தை வழிமுறையும் உரிமையுமே வகுக்கின்றன என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு.

மேற்கு ஐரோப்பாவில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். தமிழ்க் கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலம் என்று வழங்கும் இடைநிலை, தனிப் பெயர் பெற்ற இடமாக 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவானது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜாக் லெ கோஃப் 1981-இல் வாதிட்டார். இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் அதற்குப் பல நூற்றாண்டு முந்தையது. நவம்பர் 2-இல் வரும் கல்லறைத் திருநாளுக்கு ஏறத்தாழ கி.பி. 1000 அளவில் குளுனி மடத்தில் அடிகோலப்பட்டது. கடமை முன்னே பிறந்தது. அது சென்று சேரும் இடம் பின்னே வரையப்பட்டது. உயிர்களின் நன்மைக்குத் திருப்பலி நடத்த விடப்பட்ட அறக்கட்டளைகள் இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்தன. 1547-இன் சட்டம் அவற்றைக் கலைத்து உடைமைகளை அரசுக்குச் சேர்த்தது. இறந்தவருக்காக இனி எதுவும் செய்ய இயலாது என்பது புதிய கொள்கை. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், சீர்திருத்தச் சமயம் வேரூன்றிய லண்டனில், தண்டனை முடியாத தந்தையின் ஆவி மகனிடம் கடன் கேட்டு வரும் ஹாம்லெட் நாடகம் மேடையேறியது. சட்டம் மூடிய உறவை அரங்கம் திறந்தது.

7. எதிர்ச்சான்றும் அதன் பயனும்

இடைக்காலம் மனித இயல்பிலேயே ஊறியது என்று முடிவுகட்டுவதற்குமுன் எதிர்ச்சான்று ஒன்றை எதிர்கொள்ள வேண்டும். தான்சானியாவின் ஹட்சா உள்ளிட்ட நான்கு ஆப்பிரிக்க வேட்டை, உணவு சேகரிப்புச் சமூகங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் உட்பர்ன், அவர்களிடம் சாவுச் சடங்கு மிகச் சிறியது என்று 1982-இல் எழுதினார். எளிய குழியில் அடக்குவர், அல்லது குடிசையை உடல்மேல் சாய்த்துவிட்டுக் குடியிருப்பை மாற்றிக்கொள்வர். இறந்தவர் எங்கே போகிறார் என்பதுபற்றி உறுதியான, விரிவான கொள்கை இல்லை. அழுகை உண்டு, துயரம் உண்டு. நீண்ட காத்திருப்பு இல்லை. அன்றன்று கிடைப்பதை அன்றன்றே பகிர்ந்துண்ணும் அவர்களிடம், ஒருவர் விட்டுச்செல்லும் நிலமோ மந்தையோ பதவியோ இல்லை என்பதே அவர் கண்ட காரணம்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது ஜாக் கூடி 1962-இல் வெளியிட்ட ஆய்வு. வட மேற்கு கானாவின் லோடகா மக்களிடம் இறுதிச் சடங்குகள் பருவங்களைத் தாண்டிப் பல கட்டங்களாக நீள்கின்றன. துயர மிகுதியால் தம்மை மாய்த்துக்கொள்ளாதபடி நெருங்கிய உறவினரைக் கட்டிவைப்பது அங்கு வழக்கு; தோல்வாரா, நாரா, வெறும் நூலா என்பது உறவைப் பொறுத்து மாறும். எவர் எவ்வளவு துயருற வேண்டும் என்பதைப் பார்ப்போர் கட்டைக் கொண்டே அறிவர். இறந்தவரின் சொத்தும் பொறுப்பும் கைமாறுவது இக்கட்டங்களோடு பிணைந்துள்ளது.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் இடைக்காலத்தின் அளவுகோல் புலப்படும். ஒருவர் விட்டுச்செல்லும் இடம் எத்தனை பேரிடம், எத்தனை வகையாக ஒப்படைக்கப்பட வேண்டுமோ, அதற்கேற்ப அவருடைய உயிரின் பயணமும் நீள்கிறது. துறவிக்கும் குழந்தைக்கும் ஹட்சாவுக்கும் அது குறுகியிருப்பதும், ஙாஜு குடும்பத் தலைவருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்வதும் ஒரே கோட்டின் இரு முனைகள். துயரம் இதனால் பொய்யாகிவிடாது. துயருக்குத் தேதியில்லை என்பதனாலேயே, ஒரு கட்டத்தில் எழுந்து நடமாடலாம் என்று பிறர் வந்து சொல்லும் நாள் தேவைப்பட்டது.

8. முடியாத இடைக்காலம்

இன்றைய சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் சாவு ஒரு நொடி. சான்றிதழில் மணியும் நிமிடமும் எழுதப்பட வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக்காக இந்தியாவில் 1994-இல் இயற்றப்பட்ட சட்டம் மூளைச் சாவை வரையறுத்து, இதயம் துடிக்கும் உடலையும் இறந்ததாக ஏற்க வழிசெய்தது. மின் தகனமும் விடுப்பின் குறைவும் சேர்ந்து, தமிழ்நாட்டு நகரங்களில் பல குடும்பங்களில் பதினாறு நாளைச் சில நாட்களாகச் சுருக்கியுள்ளன. சுருங்கினாலும் அது ஒழியவில்லை. இடைக்காலத்தின் தேவை எத்தகையது என்பதை, அதனைத் தொடங்கவே இயலாத நிலையில் இருப்போரிடம்தான் முழுமையாகக் காண முடிகிறது.

உடல் கிடைக்காத சாவுக்கு மரபில் வழியில்லாமல் இல்லை. புரச இலைகளாலோ தருப்பையாலோ ஆளுருவம் செய்து எரித்து, அன்று முதல் கடன்களைக் கணக்கிடும் முறை தரும நூல்களில் உண்டு. பிரிட்டன், முதல் உலகப் போரில் இறந்தோர் உடல்களைத் தாயகம் கொணர மறுத்தபின், பெயர் தெரியாத ஒரு வீரரின் எச்சத்தைப் பிரெஞ்சு மண்ணிலிருந்து எடுத்து 1920 நவம்பர் 11-இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கியது. எர்ட்ஸ் போர்னியோவை மையமாக வைத்து எழுதிய இரண்டாம் அடக்கத்தை, அவரைப் பலிகொண்ட போரின் முடிவில் ஐரோப்பிய அரசே செய்தது. இவ்விரண்டுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு: ஆள் இறந்துவிட்டார் என்பதை உறவினர் ஏற்றிருக்க வேண்டும்.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்திலும் 2009-இல் போர் முடிந்தபோதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்நிபந்தனையே தடை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் தொடர்ந்து போராடிவருகின்றனர். இறப்புச் சான்றிதழை அவர்களில் பலர் ஏற்க மறுக்கின்றனர். அதற்கு மாற்றாக, ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சான்றளிக்கும் பத்திரத்துக்கு 2016-இல் சட்டம் இடமளித்தது. சொத்து, வங்கிக் கணக்கு, பாதுகாவலர் உரிமை போன்ற ஒப்படைப்புகளில் சிலவற்றை அப்பத்திரம் இயலச் செய்யலாம். கருமாதி செய்யலாமா, பொட்டிடலாமா, ஆண்டுத் திதி எந்த நாள் என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. காரியத்தைச் செய்துவிட்டால் தம் கையாலேயே சாவை உறுதிசெய்ததாகும். விடையளிக்க வேண்டியவர்கள் விடுபட்டும் போவர்.

இக்குடும்பங்கள் மறுமையை நம்புகின்றனவா என்பது இங்கு எழும் கேள்வியன்று. சுவர்க்கமும் மறுபிறப்பும் அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கற்பிக்கப்பட்டுள்ளன. அவர்களிடம் இல்லாதது கடமையைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் ஒரு நாள். மறுமை பற்றிய ஒப்பாய்வு, இறந்தோர் எங்கே செல்கின்றனர் என்று கேட்பதோடு, அவர்களை அனுப்பிவைக்கும் வேலை எவருடையது, அது எப்போது முடிகிறது, முடிந்ததாக அறிவிக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பவற்றையும் கேட்க வேண்டும். உறவினரிடமும் ஊராரிடமும் இருந்த அவ்வுரிமையை ஓர் அரசு தானே எடுத்துக்கொண்டு சான்றிதழை நீட்டும்போது, அந்த அரசு எல்லாச் சமயங்களும் இருப்போரிடம் விட்டுவைத்த ஒரு வேலையில் கைவைக்கிறது. உண்மை சொல்லப்பட்ட பிறகே அவ்வேலையை உறவினர் தொடங்க முடியும்.